பெட்டியின் விலையும் தரையின் விலையும்

நான் முப்பது வருடங்களாக ஹாட்வெயார் வியாபாரம் செய்து வருபவன். களுத்துறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றில் வாப்பா தொடங்கிய கடை. ஆணி, சீமெந்து, பெயின்ட், டைல்ஸ் என்று வீடு கட்டுபவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பை 2018ஆம் ஆண்டு எனது சொந்த வீட்டில் விரித்த லெமினேட் தரை உடைத்துவிட்டது.

மகளின் கல்யாணம் நவம்பரில். வீட்டின் ஹோலில் வாப்பா காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை. அதை உடைத்து டைல்ஸ் பதிக்க நேரமில்லை. பழைய தரைக்கு மேலேயே விரித்துவிடலாம், இரண்டு நாள் வேலை, பார்ப்பதற்குத் தேக்குப் பலகை போலவே இருக்கும் என்று கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு மொத்த வியாபாரி லெமினேட்டைக் காட்டினார். 34 பெட்டிகள் வாங்கினேன். எனது வீட்டுக்கு 26. மீதி எட்டுப் பெட்டிகளையும் அதே வாரத்தில் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு விற்றேன்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் விரித்து முடித்தோம். வந்தவர் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம் நடக்கும்போது "டக், டக்" என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. கல்யாணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்னர் ஹோலின் நடுவில் தரை முதுகு போல மேலே எழுந்து நின்றது. வலீமா விருந்தன்று அந்த இடத்தில் பாய்களை அடுக்கி மறைத்து, அதற்கு அப்பால்தான் சஹன் வைத்தோம். விருந்தினர் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், ஹாட்வெயார் முதலாளியின் வீட்டுத் தரை என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

இன்று லெமினேட், அதன் பின் வந்த எஸ்.பி.சி போன்றவை எமது சிறு நகரங்களின் கடைகளிலும் விற்பனையாகின்றன. வாங்கி விரிக்க நினைப்பவர்களுக்கும், விற்க நினைக்கும் வியாபாரிகளுக்கும் எனது நட்டம் பாடமாக அமையட்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

லெமினேட் என்பது என்ன?

இது மரப்பலகை அல்ல. மரத்தூளையும் நாரையும் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த கெட்டியான அட்டைப் பலகைதான் இதன் உடல். எச்.டி.எப் என்று அழைப்பார்கள். அதற்கு மேல் மரத்தின் படம் அச்சிட்ட காகிதம். காகிதத்துக்கு மேல் மெலமின் பசையும் அலுமினியம் ஒக்சைட்டும் கலந்த கண்ணாடி போன்ற ஒரு படலம். தேய்மானத்தைத் தாங்குவது இந்தப் படலம்தான். அடியில், பலகை வளையாமல் சமநிலையில் வைத்திருப்பதற்கு இன்னொரு படலம். ஆக நான்கு அடுக்குகள்.

சுவீடனின் பெர்ஸ்டோர்ப் நிறுவனம் 1977இல் இதனை உருவாக்கி, 1980 அளவில் பெர்கோ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. ஆரம்பத்தில் பலகைகளைப் பசை பூசித்தான் ஒட்டினார்கள். 1996, 97ஆம் ஆண்டுகளில் சுவீடனின் வேலிங்கே, பெல்ஜியத்தின் யுனிலின் ஆகிய நிறுவனங்கள் பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓரங்களைக் கொண்டுவந்தன. இன்று நாம் "கிளிக்" என்று சொல்வது இதைத்தான்.

வியாபாரி ஒருவர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மேற்பரப்பு தண்ணீரைத் தாங்கும். உடல் தாங்காது. மூட்டு வழியாகவோ அடியிலிருந்தோ ஈரம் ஏறினால் எச்.டி.எப் ஊதும். ஊதிய ஓரம் காய்ந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பாது. "தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது" என்று மொத்த வியாபாரி என்னிடம் சொன்னார். மேலே துடைத்துக் காட்டினார். அது பாதி உண்மை. நான் அதை முழு உண்மையாக எடுத்துக்கொண்டேன்.

நான் விட்ட பிழைகள்

கல்யாணம் முடிந்த பின்னர் கொழும்பிலிருந்து இந்த வேலையிலேயே பழகிய ஒரு பாஸை அழைத்து வந்தேன். அவர் ஒரு மூலையில் ஸ்கேர்ட்டிங்கைக் கழற்றிப் பார்த்தார். "ஹாஜியார், பலகைல பிழ இல்ல. மூச்சு விட இடமில்லாம வச்சிருக்கீங்க" என்றார்.

முதலாவது பிழை, சுவரோடு ஒட்டி வைத்தது. லெமினேட் தரையோடு ஒட்டப்படுவதில்லை. முழுத் தரையும் ஒரே தட்டாக மிதந்துகொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதன் கூடும்போது அது எல்லாப் பக்கமும் விரியும். அதற்காகச் சுவரைச் சுற்றி 10 மில்லிமீற்றர் அளவு இடைவெளி விட வேண்டும். எனது வேலையைச் செய்தவர் நல்ல தச்சர். மரவேலையில் இடைவெளி என்பது அவருக்கு அவமானம். ஆகவே சுவருக்கும் பலகைக்கும் இடையில் ஒரு மயிரிழை கூடப் புகாதபடி கச்சிதமாக வைத்துவிட்டார். விரிந்த தரைக்குப் போக வேறு வழியில்லை. மேலே எழுந்தது.

இரண்டாவது, ஹோலையும் முன் அறையையும் வாசற்படியில் பிரிக்காமல் ஒரே தட்டாக 38 அடிக்கு இழுத்தது. அது பதினொன்றரை மீற்றருக்கு மேல். எட்டு, பத்து மீற்றரைத் தாண்டினால் இடையில் ஒரு பிரிப்புப் பட்டை வைக்க வேண்டும். வாசற்படி அதற்குப் பொருத்தமான இடம்.

மூன்றாவது, ஈரம். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் பொலித்தீன் போடும் வழக்கம் இருக்கவில்லை. மண்ணின் ஈரம் சீமெந்து வழியாக மேலேறிக் காற்றில் கலந்துவிடும். நாம் அதைக் கண்ணால் காண்பதில்லை. அதன் மேல் லெமினேட்டை விரித்தவுடன் அந்த ஈரம் போக இடமின்றிப் பலகையின் அடியில் தங்குகிறது. நான் மெல்லிய ஃபோம் மட்டுமே விரித்தேன். பொலித்தீன் விரிக்கவில்லை. அதுவும் ஒக்டோபர், நவம்பர் மழைக்காலம்.

நான்காவது, லொறியில் வந்த அன்றே விரித்தது. பெட்டிகளை விரிக்கப்போகும் அறையிலேயே பிரிக்காமல், தட்டையாக அடுக்கி 48 மணித்தியாலமாவது வைத்திருக்க வேண்டும். அறையின் காற்றுக்குப் பலகை பழக வேண்டும்.

ஐந்தாவது, வியாபாரியான நான் விடக்கூடாத பிழை. தரை 532 சதுர அடி. பெட்டியில் 20.4 சதுர அடி. வகுத்துப் பார்த்து 26 பெட்டிகள் போதும் என்றேன். வெட்டுத் துண்டுக் கழிவைச் சேர்க்கவேயில்லை. மூன்று பெட்டிகள் குறைந்தன. எட்டுப் பெட்டிகளை விற்றாகிவிட்டது. மறுபடி கொழும்பிலிருந்து எடுத்த மூன்றும் வேறு தொகுதி. நிறம் சற்று மாறியிருந்தது. இன்றும் எனது முன் அறையின் ஒரு மூலை கொஞ்சம் சிவந்துதான் இருக்கிறது.

பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

தடிப்பு: 7, 8, 10, 12 மில்லிமீற்றர் எனப் பல உண்டு. வீட்டுக்கு 8 போதுமானது. தடிப்புக் கூடினால் நடக்கும்போது சத்தம் குறையும், பூட்டும் உறுதியாக இருக்கும். ஆனால், தடிப்புக்கும் தேய்மானத்துக்கும் தொடர்பில்லை. "12 எம்.எம், அதனால கூட நாள் உழைக்கும்" என்று விற்பது சரியல்ல.

தேய்மான வகுப்பு: ஏ.சி என்ற எழுத்துகளுக்குப் பின் 1 முதல் ஓர் இலக்கம் இருக்கும். ஐரோப்பிய நியமம் ஈ.என் 13329இன் கீழ் இதனை வகுத்திருக்கிறார்கள். ஏ.சி 3 சாதாரண வீட்டுக்கும் ஆட்கள் அதிகம் வராத அலுவலகத்துக்கும் போதும். ஏ.சி 4 நடமாட்டமுள்ள ஹோலுக்கும் சிறிய கடைக்கும் ஏற்றது. ஏ.சி 5 சனம் அதிகம் வரும் கடைகளுக்கு. படுக்கையறைக்கு ஏ.சி 5 வாங்குவது வீண் செலவு. கடைக்கு ஏ.சி 3 விரிப்பது இரண்டு மடங்கு செலவு. ஏனெனில், மறுபடியும் வாங்க வேண்டிவரும். பெட்டியில் எந்த வகுப்பும் அச்சிடப்படாவிட்டால் வாங்காதீர்கள்.

ஈ 1 என்ற குறி: பலகையின் பசையிலிருந்து ஃபோமல்டிஹைட் என்ற வாயு மெல்ல வெளியாகும். கண்ணையும் தொண்டையையும் அது உறுத்தும். ஈ 1 என்பது அந்த வெளியேற்றம் ஐரோப்பிய எல்லைக்குள் இருக்கிறது என்பதற்கான குறி. இது சிறிய விடயமல்ல. அமெரிக்காவின் லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய தரை வியாபார நிறுவனம் சீனாவிலிருந்து எடுத்த லெமினேட்டில் இந்த வாயு அளவுக்கு மேல் இருப்பதாக 2015 மார்ச்சில் சி.பி.எஸ் தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. நிறுவனம் அந்தச் சரக்கின் விற்பனையை அதே ஆண்டில் நிறுத்தியது. இவ்விடயத்தில் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியமைக்காக 2019இல் 33 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. தொழிற்சாலை செய்த பலகைக்கு விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டி வந்தது.

தொகுதி இலக்கம்: எல்லாப் பெட்டிகளிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று லொறியில் ஏற்றும் முன் பாருங்கள். வேலை முடிந்த பின் ஒரு பெட்டியையாவது மிச்சம் வையுங்கள். 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும், 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது சில வாரங்களில் 300ஐத் தாண்டியதையும் நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் உடைந்த இரண்டு துண்டுகளை மாற்றுவதற்கு அதே நிறம் தேடி எனது கடைக்கு வந்தவர்கள் பலர். நான் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பினேன்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

வாடிக்கையாளர் "சதுர அடி என்ன விலை?" என்று கேட்கிறார். நாம் பெட்டியின் விலையைச் சொல்கிறோம். அங்கேதான் பிரச்சினை ஆரம்பமாகிறது. 20 அடி நீளம், 14 அடி அகலமுள்ள ஒரு ஹோலை எடுத்துக்கொள்வோம். பின்வரும் ரூபாக்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே. இன்றைய சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.

தரை 280 சதுர அடி. பலகை சதுர அடி 450 ரூபா. வாடிக்கையாளரின் மனக்கணக்கு 126,000 ரூபா.

உண்மையான கணக்கு இது. கழிவுக்கு 10 வீதம் சேர்த்தால் 308 சதுர அடி. பெட்டியைப் பிரித்து வாங்க முடியாது. ஆகவே 16 பெட்டிகள். அதாவது 326.4 சதுர அடி, 146,880 ரூபா. ஃபோமும் பொலித்தீனும் 18,000. ஸ்கேர்ட்டிங் 60 அடிக்கு 15,000. இரண்டு வாசலுக்குப் பிரிப்புப் பட்டை 6,000. மேடு பள்ளம் சரிசெய்ய 20,000. கூலி சதுர அடிக்கு 80 வீதம் 22,400. மொத்தம் 228,280 ரூபா. அதை 280ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 815 ரூபா.

450 பெட்டியின் விலை. 815 தரையின் விலை. வாடிக்கையாளர் வாங்குவது பெட்டியை அல்ல, தரையை. 450 என்று கேட்டு வந்தவருக்கு வேலை பாதியில் நிற்கும்போது 815 என்று தெரிய வந்தால், அவர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எதில்? பொலித்தீனில், மட்டம் எடுப்பதில், பாஸின் கூலியில். தரையைக் காப்பாற்றும் மூன்றும் இவைதான். ஆகவே முழுத் தொகையை முதலிலேயே சொல்லுங்கள். சிலர் எழுந்து போவார்கள். போகட்டும்.

டைல்ஸோடு ஒப்பிடும்போதும் விரித்து முடித்த விலையையே ஒப்பிட வேண்டும். மணல், சீமெந்து, கூலி, பழைய தரையை உடைக்கும் செலவு எல்லாம் சேர்த்து எழுதிப் பாருங்கள். சில வீடுகளில் லெமினேட் இலாபம். சில வீடுகளில் டைல்ஸ்தான் மலிவு.

விரிக்கும் ஒழுங்கு

ஈரத்தைப் பாருங்கள். இரண்டடிச் சதுரமான பொலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மழைக்காலத்தில் செய்வது இன்னும் நல்லது. எடுக்கும்போது அடியில் நீர்த்துளி படிந்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். புதிதாகப் போட்ட சீமெந்தாக இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது காய விட்டு அதன் பின் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஈரம் அதிகமென்றால் அதற்கான காரணத்தை முதலில் தீர்க்க வேண்டும். பொலித்தீன் எல்லா ஈரத்துக்கும் மருந்தல்ல.

மட்டத்தைப் பாருங்கள். ஆறடி அளவு நேரான அலுமினியச் சட்டமொன்றைத் தரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். அதன் அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியும் இடங்களை நிரப்ப வேண்டும். மேடுகளைத் தேய்க்க வேண்டும். பள்ளத்தின் மேல் நடக்க நடக்கப் பூட்டு உடையும். "டக், டக்" சத்தத்தின் வழமையான காரணம் இதுதான்.

பின்னர் 0.2 மில்லிமீற்றர் பொலித்தீன். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று 20 சென்ரிமீற்றர் ஏறி நிற்க, மூட்டுக்கு டேப். சுவரோரம் சற்று மேலே ஏறட்டும். அதன் மேல் 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஃபோம். ஃபோம் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது.

அறையின் அகலத்தை முதலில் அளந்து, கடைசி வரிசை எவ்வளவு அகலம் வருமென்று பாருங்கள். 5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக வந்தால் முதல் வரிசையையும் கொஞ்சம் வெட்டிச் சமப்படுத்துங்கள். வெளிச்சம் வரும் திசைக்கு நீளவாட்டில் விரித்தால் மூட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கும் பலகைக்கும் இடையில் 10 மில்லிமீற்றர் ஆப்புகளை வைத்து வேலையை ஆரம்பியுங்கள். அடுத்தடுத்த வரிசையின் மூட்டுகள் குறைந்தது ஓரடி தள்ளி நிற்க வேண்டும். பலகையைச் சுத்தியலால் நேரடியாகத் தட்டக் கூடாது. இடையில் ஒரு கட்டையை வைத்துத்தான் தட்ட வேண்டும்.

கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வெட்டுவதை விட, நிலையின் அடியை வாளால் அறுத்துப் பலகையை உள்ளே செலுத்துவது அழகு. இடைவெளியும் மறையும். ஸ்கேர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும். தரையில் ஓர் ஆணி அடித்தாலும் மிதக்கும் தரை அந்த இடத்தில் பிடிபட்டுவிடும். சுவரோடு பொருத்தும் பெரிய அலுமாரிகளை முதலில் பொருத்திவிட்டு, தரையை அவற்றின் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே விரிக்கக் கூடாது?

சமையலறை, குளியலறை, கிணற்றடிப் பக்கத்து விறாந்தை, மழைச்சாரல் அடிக்கும் முன்பக்கம் ஆகிய இடங்களில் வேண்டாம். எமது பெண்கள் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகியவர்கள். லெமினேட்டை நன்றாகப் பிழிந்த துணியால் மட்டுமே துடைக்கலாம். வுழூ செய்துவிட்டு ஈரக்காலோடு ஐந்து நேரமும் ஒரே வாசலால் வரும் வீடுகளில், அந்த வாசலில் ஊதிய ஓரங்களை நான் கண்டிருக்கிறேன். அங்கே டைல்ஸை ஓரிரு அடி வெளியே நீட்டி, அதன் பின் லெமினேட்டை ஆரம்பிப்பது புத்தி. குறைந்தது ஒரு தடித்த கால்மிதியாவது வேண்டும்.

கறையான் தொல்லை உள்ள வீடுகளிலும் யோசியுங்கள். எச்.டி.எப் மரநாரினால் ஆனது. நிலையில் கறையான் புற்று இருந்தால் முதலில் அதற்கு மருந்தடித்துவிட்டே வேலையில் இறங்க வேண்டும்.

எஸ்.பி.சி எனப்படுவது கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பலகை. தண்ணீரால் ஊதாது. ஈரமுள்ள இடங்களுக்கு அது பொருத்தம். ஆனால், அதுவும் பூட்டுப் பலகைதான். மட்டமில்லாத தரையில் அதன் பூட்டும் உடையும். வெயில் நேரடியாக விழும் இடத்தில் அதுவும் விரியும்.

அந்த எட்டுப் பெட்டிகள்

எனது வீட்டில் சுவரோரங்களை வெட்டி, வாசற்படியில் பிரித்ததும் மேடு இறங்கிவிட்டது. ஊதிய பலகைகளைக் கழற்றி, பொலித்தீன் விரித்து மறுபடி போட்டோம். அந்தப் பாஸ் வேலை முடிந்து கைகழுவும்போதுதான் எனக்கு டீச்சரின் ஞாபகம் வந்தது.

அவரது படுக்கையறை 12க்கு 12. அதுவும் பழைய சீமெந்து. அவருக்கு நான் சொன்னது மொத்த வியாபாரி எனக்குச் சொன்ன அதே வசனம்தான். தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது. இரண்டு நாட்கள் போகாமலே இருந்தேன். அவர் புகார் செய்யவில்லை, நானாகப் போய் ஏன் கேட்க வேண்டும் என்று மனம் சொன்னது. மூன்றாம் நாள் போனேன்.

கட்டிலடியில் ஓரங்கள் ஊதி, கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது. "ஏன் டீச்சர் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நான்தான் பாவிக்கத் தெரியாம பாவிச்சிட்டேனோ எண்டு நெனச்சன் தம்பி. நீங்க சொல்லித்தானே வாங்கின" என்றார்.

மொத்த வியாபாரியிடம் போனேன். உத்தரவாதம் இருக்கிறது என்றார். ஆனால், அதைக் கேட்பதற்குத் தொகுதி இலக்கம் வேண்டும், விரித்த முறை சரியாக இருக்க வேண்டும். எனது பற்றுச்சீட்டில் "லெமினேட் 34 பெட்டி" என்று மட்டுமே இருந்தது. விரித்த முறையோ பிழை. ஒன்றும் கிடைக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பலகை நல்ல பலகை. ஈரத் தரையில் விரிக்கக் கொடுத்தது நான்.

டீச்சருக்குப் பலகையின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் டைல்ஸ் போதும் என்றார். அதை வாங்கின விலைக்கே கொடுத்தேன். அந்த மாதம் கடையில் எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. பலகைகளைக் கழற்றி ஏற்றும்போது மகன், "அவங்க ஒண்டும் கேக்கவே இல்லையே வாப்பா" என்றான். கேட்காதவரிடம்தான் கணக்கு நீளமாக இருக்கிறது என்று சொன்னேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விதத்தில் கூறி விற்பதைத் தடுக்கிறது. "எனக்கு மொத்த வியாபாரி அப்படித்தான் சொன்னார்" என்பது வாடிக்கையாளருக்குச் சொல்லத்தக்க பதிலல்ல.

அதன் பின் கடையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். தரைப் பலகை கேட்டு வருபவருக்கு உடனே விற்பதில்லை. மகன் வீட்டுக்குப் போய் அளந்து, ஒரு தாளில் ஆறு விடயங்களை எழுதி வருவான்: கீழ்த்தளமா மேல்மாடியா, பொலித்தீன் சோதனையின் முடிவு, மட்டம், தண்ணீர் வரும் வாசல், கறையான், விரிப்பவர் யார். அதன் பிறகுதான் முழுத் தரைக்குமான விலையைக் கொடுப்போம். பற்றுச்சீட்டில் பெயர், தடிப்பு, வகுப்பு, தொகுதி இலக்கம் நான்கும் இருக்கும். அந்தத் தாளின் ஒரு பிரதி வாடிக்கையாளரிடம், ஒன்று எமது கோப்பில்.

ஆரம்பத்தில் இது வியாபாரத்தைக் குறைத்தது. பக்கத்துக் கடையில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள் என்று சிலர் போனார்கள். "உங்கட வீட்டுக்கு இது சரிவராது" என்று நாங்களே திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அவர்களில் பலர் பின்னர் டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் எங்களிடமே வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடையின் "நல்லது" என்ற சொல்லுக்கு விலை இருக்கிறது.

வியாபாரிகளான நாம் தெரியாத பொருளை விற்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. புதிய பொருள்கள் வந்துகொண்டேதான் இருக்கும். முதல் பெட்டியை விற்பதற்கு முன்னர் அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் பெட்டிக்குள் வைக்கும் தாளை ஒரு தடவை முழுமையாக வாசியுங்கள். நான் விட்ட முதல் நான்கு பிழைகளுக்கும் பதில் அந்தத் தாளில் இருந்தது. 34 பெட்டிகள் வாங்கினேன், 34 தாள்கள் வந்தன. ஒன்றையும் வாசிக்கவில்லை.

டீச்சரின் அறையில் இப்போது டைல்ஸ். கடைப்பக்கம் வரும்போதெல்லாம் "தம்பி, புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்பார். சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.